டிப்ஸீக்குத் திரும்பிப் போவது எப்படி: பதினைந்து வருடம் கழித்து அதே மலைப்பாதையில் ஓட ஒரு முழு வழிகாட்டி

பழைய டிரெயில் ஷூ அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. தூசி தட்டிப் போட்டுக்கொண்டு நேரே மில் வேலிக்குப் போனேன். டிப்ஸீ படிக்கட்டின் இரண்டாம் அடுக்கில் பாதி ஏறியிருப்பேன். இடது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கமாகப் பிரிந்து, உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கியது. உள்ளேயிருந்து பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்று பார்த்தார். தன் கூந்தலிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த ரப்பர் பேண்டைப் போட்டுக்கொண்டு ஷூ தட்டத் தட்டக் காருக்குத் திரும்பி வந்தேன்.

பழைய நெனப்புதான் பேராண்டி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பல வருடம் விட்டுப்போன பந்தயத்துக்குத் திரும்பப் போகிறவருக்கு முதல் எதிரி அந்த நெனப்புதான். ஷூ அதன் முதல் பலி, அடுத்தது கெண்டைக்கால். டிப்ஸீ என்ற மலைப்பாதைப் பந்தயத்தை நான் 36 வயதில் ஓடினேன். மறுபடி ஓடும்போது வயது 51. இடையில் நான் செய்த தவறுகளையும் கற்றதையும் வரிசையாக எழுதுகிறேன். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருக்கும் நம்மவர்களுக்கு இது நேரடியாக உதவும். வேறு ஊரில் வேறு மலைப்பாதையை மனதில் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தப் பந்தயம், ஏன் இது

டிப்ஸீ அமெரிக்காவின் மிகப் பழைய மலைப்பாதைப் பந்தயம். 1904-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப் ஆட்கள் இருவர் மில் வேலியிலிருந்து மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு யார் முதலில் போவது என்று பந்தயம் கட்டினார்கள். அடுத்த வருடம், 1905-இல், அது முறையான போட்டியானது. மில் வேலி ஊர் நடுவில் ஆரம்பித்து, டமல்பைஸ் மலையின் சரிவுகளில் ஏறி இறங்கி, ஸ்டின்சன் பீச்சில் முடியும். தூரம் ஏறத்தாழ 7.4 மைல், அதாவது 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்த ஏற்றம் சுமார் 2,200 அடி. தூரத்தைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நினைப்பவர்களை ஏற்றம் வந்து திருத்தும். ஜூன் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடக்கும்.

இதன் விசேஷம் வேறு. வயதுக்கும் ஆண்-பெண்ணுக்கும் ஏற்ப நிமிடக் கணக்கில் முன்தொடக்கம் கொடுப்பார்கள். சிறுவர் சிறுமியரும் வயதானவர்களும் முதலில் கிளம்புவார்கள், அதிகபட்சம் 25 நிமிடம் முன்னால். பிறகு நிமிடத்துக்கு ஒரு குழுவாக விடுவார்கள். இருபதுகளில் இருக்கும் ஆண்கள் கடைசியில், ஒரு நிமிடச் சலுகையும் இல்லாமல். முடிவுக் கோட்டை முதலில் தொடுகிறவர்தான் வெற்றியாளர். 2010-இல் ஜெயித்த ரெய்லி ஜான்சனுக்கு வயது 8. 2012-இல் ஜெயித்த ஹான்ஸ் ஷ்மிட்டுக்கு வயது 72. ஜெயித்தவர்களுக்கு அடுத்த முறை சலுகையிலிருந்து கழிவும் உண்டு.

திரும்பி வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மற்ற பந்தயங்களில் வயது கூடினால் பின்வரிசைக்குப் போவோம். இங்கே முன்வரிசைக்குப் போகிறோம். முன்பு நான் பின்னால் கிளம்பி வழியெல்லாம் ஆட்களை முந்திக்கொண்டு போனேன். இந்த முறை முன்னால் கிளம்பி வழியெல்லாம் முந்தப்பட்டேன். பாதை அதேதான். ஆனால் ஓடுவது வேறு பந்தயம். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில்: மருத்துவரும் பழைய நாள்குறிப்பும்

நாற்பது தாண்டிய தெற்காசிய உடம்புக்கு இதய நோய் வாய்ப்பு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆகவே பயிற்சிக்கு முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் டிரெட்மில் சோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். 'உடற்பயிற்சி செய்யலாமா' என்று பொதுவாகக் கேட்டால் 'தாராளமாக' என்றுதான் பதில் வரும். '2,200 அடி ஏறி ஓடப் போகிறேன், நடுவில் ஓர் ஏற்றத்துக்குக் கார்டியாக் என்றே பெயர்' என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதும் மருத்துவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

அப்புறம் பழைய நாள்குறிப்பு, பழைய வாட்ச் பதிவு, பழைய முடிவுப் பட்டியல். இவற்றை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அன்றைய வேகத்தில் முக்கால் பங்காவது இருக்கும் என்று கணக்குப் போட்டு, இரண்டாம் வாரமே அந்த முக்கால் பங்கில் ஓடினேன். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் காலையில் படுக்கையிலிருந்து இறங்கும்போது கம்பி மாதிரி விறைத்தது. மூன்று வாரம் போச்சு.

காரணம் எளிது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழக ஆரம்பித்துவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு 'போ' என்கிறது, குதிகால் 'நில்' என்கிறது. திரும்பி வருகிறவர்கள் மூச்சின் பேச்சைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் ஓடிய நாட்களில் அது சொன்னது சரியாக இருந்தது.

பதிவு: அழைப்பு காலாவதியாகியிருக்கும்

சுமார் 1,500 பேருக்குத்தான் இடம். முந்தைய ஆண்டில் நன்றாக முடித்தவர்களுக்கு இன்விடேஷனல் பிரிவு, மற்றவர்களுக்கு ரன்னர் பிரிவு. ஒரு காலத்தில் நீங்கள் முதல் பிரிவில் இருந்திருந்தாலும் இத்தனை வருடம் கழித்து அது செல்லாது. வரிசையின் கடைசியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எங்கள் காலத்தில் விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். முதலில் வந்த உறைகளுக்குக் கொஞ்சம் இடம், குலுக்கலில் கொஞ்சம், கூடுதல் தொகை எழுதி ஏலம் கேட்பவர்களுக்குக் கொஞ்சம். எந்தத் தபால் நிலையத்திலிருந்து போட்டால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று பெரியவர்கள் இரகசியம் பேசுவார்கள். பதிவு முறை மாறிக்கொண்டே வரும். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் குளிர்காலத்திலிருந்தே கவனியுங்கள். தேதியைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம்தான்.

இடம் கிடைக்குமா என்று தெரியாமலே பயிற்சியை ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஆரம்பியுங்கள். கிடைக்காவிட்டாலும் பாதை அங்கேயேதான் இருக்கிறது, பொதுப் பாதை, வருடம் முழுவதும் யாரும் போகலாம்.

டிசம்பர், ஜனவரி: பேசிக்கொண்டே ஓடுவது

வாரம் மூன்று நாள், அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். நடை, ஓட்டம், நடை. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். நான் தனியாக ஓடியதால் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே ஓடினேன். 'ஏன்டா மூச்சு வாங்குற, மெதுவா போடா' என்று அவர் சொன்னால் வேகம் அதிகம் என்று அர்த்தம். எந்த வாட்ச்சும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

ஓடாத நாட்களில் இரண்டு வேலை. ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, இரண்டு காலால் எழும்பி, ஒரு காலால் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்குவது, காலுக்குப் பதினைந்து முறை. இன்னொன்று, முழங்கால் உயரப் பெட்டியின் மேல் ஒரு காலால் ஏறி, அதே காலைத் தாங்கி மெல்ல இறங்குவது. இரண்டிலும் இறங்கும் பாகம்தான் மருந்து. டொப்பென்று இறங்கினால் செய்யாததற்குச் சமம்.

பிப்ரவரி, மார்ச்: படிகளும் மிஷன் பீக்கும்

டிப்ஸீயின் ஆரம்பத்தில், உடம்பு சூடாவதற்கு முன்பே, மூன்று அடுக்காகப் படிக்கட்டு வரும். மொத்தம் 680-க்கு மேல். வீடுகளுக்கு நடுவே, மரங்களின் நிழலில், ஒரு கோவில் மலைக்கு ஏறுவதுபோலப் போகும். பழனிப் படியேறிய கால்களுக்கு எண்ணிக்கை பயம் தராது. பயம் தருவது வேகம்தான், ஏனென்றால் சுற்றி எல்லாரும் ஓடுவார்கள்.

ஓடாதீர்கள். தொடையில் கையை ஊன்றி, முதுகை வளைக்காமல், ஒவ்வொரு படியாக நடந்து ஏறுங்கள். எனக்கு ஓடுவதற்கும் நடப்பதற்கும் இருந்த வித்தியாசம் மொத்தப் படிக்கட்டுக்கும் ஒரு நிமிடத்துக்குள்தான். ஓடி ஏறிய நாளில் அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் ஐந்து நிமிடம் வட்டி கட்டினேன்.

தினமும் மில் வேலி போக முடியாது. ஃப்ரீமான்ட், மில்பிட்டஸ் பக்கம் இருப்பவர்களுக்கு மிஷன் பீக் என்ற மலை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ பக்கமிருந்து உச்சி வரை ஏற்றம் 2,000 அடிக்கு மேல், டிப்ஸீயின் மொத்த ஏற்றத்துக்கு மிக அருகில். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். ஓலோனி கல்லூரிப் பக்கமிருந்தும் ஏறலாம். பத்து நாளுக்கு ஒருமுறை போதும். நிழல் கிடையாது, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுங்கள்.

ஏப்ரல்: இறங்கக் கற்றுக்கொள்வது

வழிகாட்டியில் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். ஏற்றம் மூச்சை வாங்கும், அவ்வளவுதான். இறக்கம் தொடையை உடைக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசையில் அது நுண்கிழிசல்களை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும். நல்ல செய்தி, ஒருமுறை இப்படி அடி வாங்கிய தசை சில வாரங்களுக்கு அடுத்த அடியைத் தாங்கும். எனவே பந்தயத்துக்கு ஆறேழு வாரம் முன்பிருந்து, வாரம் ஒருமுறை இறக்கத்தில் ஓட வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடம் மட்டும். நிஜமாகவே ஐந்து நிமிடம். பிறகு எட்டு, பன்னிரண்டு, பதினைந்து.

முறை: அடி சின்னது, தட்டுத்தட்டென்று வேகமானது. பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். காலை முன்னால் நீட்டிக் குதிகாலால் பிரேக் போடாதீர்கள். கைகளை இறக்கை மாதிரி கொஞ்சம் விரியுங்கள். பார்வை பாதத்தில் அல்ல, மூன்று நான்கு அடிக்கு அப்பால். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தனிக்குறிப்பு: புராக்ரஸிவ் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியாகப் பார்த்தால் தரை மிதக்கும். நான் ஒரு வேரை நிழல் என்று நினைத்து மிதித்து, கையை ஊன்றி விழுந்தேன். அடுத்த வாரம் தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு மலிவான கண்ணாடி செய்துகொண்டேன். முப்பத்தாறு வயதில் இந்தப் பிரச்சினை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

மே: பாதையைத் துண்டு துண்டாகப் படிப்பது

ஞாபகத்தை நம்பாதீர்கள். நினைவில் என் கார்டியாக் ஏற்றம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிஜத்தில் அது அரை மணி. முழுப் பாதையையும் ஒரே நாளில் ஓடிப் பார்ப்பதைவிட மூன்று நாளில் மூன்று துண்டாகப் போவது நல்லது.

முதல் துண்டு: படிக்கட்டிலிருந்து விண்டி கேப் வரை ஏறி, மியூர் வுட்ஸ் என்ற ரெட்வுட் காட்டுக்கு இறங்குவது. இறக்கத்தில் சூயிசைட் என்று ஒரு குறுக்குவழி உண்டு. பெயரே போதும். டிப்ஸீயில் சில குறுக்குவழிகள் அனுமதிக்கப்பட்டவை, சில மூடப்பட்டவை. பழைய காலத்தில் போன வழி இப்போதும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். திறந்திருந்தாலும், பயிற்சியில் மூன்று முறை இறங்கிப் பார்க்காத குறுக்குவழியைப் பந்தய நாளில் தொடாதீர்கள். நீளமான வழியில் நஷ்டம் சில விநாடிகள்தான்.

இரண்டாம் துண்டு: மியூர் வுட்ஸிலிருந்து கார்டியாக் உச்சி. இரண்டு மைல் சொச்சத்தில் ஏறத்தாழ 1,200 அடி. டைனமைட் என்ற செங்குத்தான ஏற்றத்தில் தொடங்கி, வெட்டவெளி மலைமுதுகில் போய், மறுபடி காட்டுக்குள் நுழையும். அங்கே மூடுபனி மரங்களில் தங்கி, மழை பெய்யாத நாளிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். உச்சி 1,360 அடி. மியூர் வுட்ஸில் வண்டி நிறுத்த 2018-இலிருந்து முன்பதிவு கட்டாயம். பழைய நினைப்பில் நேரே போய் நின்றுவிடாதீர்கள்.

மூன்றாம் துண்டு: கார்டியாக்கிலிருந்து கடல். முடிந்துவிட்டது என்று தோன்றும். அப்போதுதான் ஸ்டீப் ரவீன் வரும். ஈரமான, ஒன்றுக்கொன்று உயரம் மாறுபடும் மரப்படிகள், நடுநடுவே ரெட்வுட் வேர்கள். அதைத் தாண்டி, கால் நடுங்கும் நேரம் பார்த்து, இன்சல்ட் என்ற சின்ன ஏற்றம். அவமானம் என்று யாரோ சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நீளம் ஒன்றுமில்லை, ஆனால் அங்கே நடக்காதவர்களைப் பார்த்தது குறைவு. பயிற்சி நாளில் ஸ்டின்சனிலிருந்து திரும்ப ஸ்டேஜ்கோச் பேருந்தின் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போய் இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, பாய்சன் ஓக், தொட்டால் தோல் அரித்துத் தடிக்கும் செடி. மூன்று மூன்று இலையாகப் பாதையின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். நம் ஊர்ச் சேங்கொட்டையின் குடும்பம்தான், மாவும் முந்திரியும் அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டால் வாய் புண்ணாகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். முழங்கால் வரை காலுறை போடுவது நல்லது. ஓடி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஷூ கயிற்றையும் மறக்க வேண்டாம். அந்தச் செடியின் எண்ணெய் கயிற்றில் ஒட்டிக்கொண்டு அடுத்த வாரம் விரலில் ஏறும்.

முந்தவிடும் பயிற்சி

இதை எந்தப் பயிற்சி அட்டவணையிலும் பார்க்கவில்லை. டிப்ஸீக்குத் திரும்புகிறவருக்கு இது அவசியம். பாதை பல இடங்களில் ஓர் ஆள் அகலம்தான். பின்னாலிருந்து 'ஆன் யுவர் லெஃப்ட்' என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் நீங்கள் இடதுபக்கமே போவீர்கள். வலப்பக்கம் அரை அடி ஒதுங்கி, அதே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். செங்குத்தான படியில் இடமே இல்லையென்றால் 'கொஞ்சம் இரு, அடுத்த திருப்பத்தில்' என்று உரக்கச் சொல்லலாம். பெரும்பாலானோர் காத்திருப்பார்கள்.

கஷ்டம் மனதுக்குத்தான். ஒவ்வொருவர் முந்தும்போதும் கால் தானாக வேகம் எடுக்கும். ஒரு பத்து வயதுப் பெண்ணுக்குப் பின்னால் டைனமைட்டில் நான் நூறு அடி ஓடினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நூறு அடிக்கு விலையாக அடுத்த கால் மைல் நடந்தேன். ஆகவே மே மாத வார இறுதிகளில், கூட்டமான பாதையில், வேண்டுமென்றே மெதுவாக ஓடி எல்லாரையும் முந்தவிட்டுப் பழகுங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் எனக்கு அதிகம் பலன் தந்த பயிற்சி இதுதான்.

முந்துகிறவர்களையெல்லாம் எண்ணாதீர்கள், நீங்கள் முந்துகிறவர்களையும் எண்ணாதீர்கள். ஜாக் கிர்க் என்பவர் 1930-இல் ஆரம்பித்துத் தொடர்ச்சியாக 67 டிப்ஸீ ஓடினார், கடைசியாக முடித்தபோது வயது 95. இரண்டு முறை ஜெயித்தவர் அவர். பிற்காலத்தில் எத்தனை ஆயிரம் பேர் அவரை முந்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசி இரண்டு வாரமும் அந்த ஞாயிறும்

இறக்கப் பயிற்சியைப் பதினான்கு நாளுக்கு முன்பே நிறுத்துங்கள். ஓடும் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஷூ புதிதாக இருக்க வேண்டும், ஆனால் 60, 70 மைலாவது ஓடியதாகவும் இருக்க வேண்டும்.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டம்தான். இரண்டு மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு. மிளகாய்ப்பொடி வேண்டாம், காரணத்தைக் கார்டியாக் ஏற்றம் சொல்லும். மியூர் வுட்ஸிலும் கார்டியாக்கிலும் தண்ணீர் இருக்கும்.

ஜூன் என்றாலும் காலையில் பனிமூட்டத்தோடு குளிரும். தூக்கிப் போடக்கூடிய பழைய சட்டை ஒன்று போட்டுக்கொண்டு நில்லுங்கள். உங்கள் குழுவின் தொடக்க நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஞாபகத்தில் இளைஞர் கூட்டத்தோடு பேசிக்கொண்டு நின்றால் உங்கள் நிமிடம் போய்விடும். எனக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆனது. என் குழுவை அழைத்தபோது நான் பின்னால், பழைய இடத்தில், பழக்கதோஷத்தில் நின்றுகொண்டிருந்தேன். 'சார், நீங்கள் அங்கே' என்று ஒரு பையன் முன்னால் கையைக் காட்டினான்.

அன்றைக்கு நேரம் 1 மணி 52 நிமிடம். பழைய நேரத்தைவிட அரை மணிக்கும் மேல் அதிகம். ஸ்டின்சனில் மனைவி தயிர்சாத டப்பாவோடு நின்றிருந்தாள், நான் வர இன்னும் நேரமாகும் என்று நினைத்து டப்பாவைத் திறந்து பாதி சாப்பிட்டிருந்தாள்.

ஓடிய பிறகு மூன்று நாளைக்கு மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. தொடை வலிக்கு இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஏறி வந்த நண்பர் நின்று பார்த்துவிட்டு, 'லிஃப்ட் வேலை செய்யுதே' என்றார்.